அவசர எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன்

சின்னவளே,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், எழுந்ததும் சூடு பண்ணிக்கொள். ஆய்வுக்கூடப் படிக்கட்டில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான் என்று நேற்று நீ அழுதபோது, "வெளியே சொல்லாதேடி" என்றேன். தப்புதான் கண்ணு.

காலையில் உங்கள் பல்கலைக்கழகக் காவல் அறையின் அவசர எண்ணுக்கு நானே போன் போட்டேன்.

"என்னம்மா ஆபத்து?" என்று ஒரு பெண் பதறினாள்.

"ஒன்றும் இல்லைம்மா, எடுக்கிறீங்களான்னு பார்த்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். "ஆபத்துன்னா உடனே கூப்பிடுங்க. நடந்து முடிஞ்சதுன்னா நேர்ல வந்து புகார் கொடுங்க, துணைக்கு யாரையும் கூட்டி வரலாம்" என்றாள்.

உன் பெயரைச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

மதியம் மூன்று மணிக்கு அந்தக் காவல் அறை வாசலில் இருப்பேன். நீ வராவிட்டாலும் கோபமில்லை.

மறந்துவிட்டேன்: சாவி செருப்பு அலமாரியில். அந்த அவசர எண்ணை உன் போனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று: ஊருக்கெல்லாம் கதை சொல்கிற வாய்தான் எனக்கு. ஆனால் அங்கே நீ பேசும்போது திறக்க மாட்டேன், சத்தியம்.

அம்மா