உன் அறையில் குடியிருந்த பெண்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பதாக வாரா வாரம் சொல்கிறாய், அதை நம்பித்தான் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் 'சரிம்மா, வேலை இருக்கு, வச்சிடறேன்' என்கிறாய். காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார், அதற்காகத்தான்.

கடையில் எல்லாம் வழக்கம்போல்தான். முதலாளி புதுத் தையல் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார், சத்தமே இல்லாமல் ஓடுகிறது, எனக்குத்தான் பழைய கடகடா இல்லாமல் தூக்கம் வருகிறது. முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொள்கிறது. உன் அறையில் குடியிருந்த பெண் போன சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தெரியாத பெண்ணை எதுக்கும்மா வீட்டில் வைக்கிறாய் என்று நீ அப்போது கேட்டாய், வாடகை வரட்டுமே என்றேன். அது பாதி உண்மை. அப்பாவும் போய் நீயும் போன பிறகு, கடை முடிந்து வந்து பூட்டைத் திறந்தால் வீடு அப்படியே நான் காலையில் விட்டுப்போன மாதிரி இருக்கும். நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். யாராவது அதை நகர்த்தினால் போதும் என்று இருந்தது, அதுதான் மீதி உண்மை.

அவளும் உன்னை மாதிரியே வணிக நிர்வாகம் படிக்க வந்தவள், வந்த இடத்தில் தமிழும் பேசக் கற்றுக்கொண்டாள். அவள் ஊர்ப் பெயர் என் வாயில் நுழையாது. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி படிக்க இங்கே வருகிறாள், நீ இங்கிருந்து இன்னொரு கோடிக்குப் போயிருக்கிறாய், அவள் ஊருக்கு யார் போய்ப் படிக்கிறார்களோ என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். விடியற்காலையில் ஒரு பேக்கரியில் நின்று வேலை பார்ப்பாள், மத்தியானம் வந்து கம்பெனி கம்பெனியாக விண்ணப்பம் அனுப்புவாள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காலண்டர் ஒட்டி தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள். எதுக்கும்மா இது என்று கேட்டேன். படிப்பு முடிந்து ஒரு வருஷத்துக்குள் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் இங்கேயே தங்கப் பேப்பர் கொடுப்பார்களாம், அப்புறம் நிரந்தரமாகவும் இருக்கலாமாம், கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதானாம். 'உங்க மகனுக்கும் இப்படித்தான் இருக்கும் அம்மா' என்றாள் அவள். நீ என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. 'அதெல்லாம் வந்துடும்மா' என்றுதானே சொன்னாய். அடுப்படிக்கு வந்து நீ படிப்பை முடித்த மாதத்திலிருந்து விரல்விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை.

இன்டர்வியூவுக்குப் போட ஒரு பாவாடையும் கோட்டும் வைத்திருந்தாள், நான்தான் அளவெடுத்துப் பிடித்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து தொளதொளக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்தாள். இருபத்தொன்பதாக இருந்த இடுப்பு இருபத்தாறரை. சாப்பிடுகிறாயா என்றால் 'நான் நிறைய சாப்பிட்டேன் அம்மா' என்பாள். சாயங்காலம் அவள் அம்மாவிடம் போனில் பேசும்போது ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். முகம் சிவந்துபோய் 'சாப்பிட்டேன்னு அர்த்தம்' என்றாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் பார்த்திருக்கிறேன். பேக்கரியில் மிஞ்சிய பன்னைக் குழாயடியில் நின்றபடி தண்ணீரோடு முழுங்குவாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்குச் சமைத்தேன், மிஞ்சிப்போச்சு, வீணாகப் போகுது என்று சொல்லித் தட்டை வைத்தேன், தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். அதற்கப்புறம்தான் நீ அனுப்பிய பட்டமளிப்பு போட்டோவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கழுத்தும் தோளும் அளக்கிறவள் நான். அந்த நீலச் சட்டை என் கையால் தைத்தது, நீ கிளம்பும்போது காலருக்குள் ஒரு விரல் போகாது. இப்போது இரண்டு விரல் தாராளமாகப் போகும். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், பட்டம் வாங்கின சந்தோஷத்தில் கண்ணில் படவில்லை.

போன மாதம் அவளுக்குக் கடைசியாக ஒரு இன்டர்வியூ. திரும்பி வந்தவள் வீட்டுக்குள் வராமல் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் பிடித்திருக்கிறதாம், ஆனால் தங்கும் பேப்பர் ஏற்கெனவே கையில் இருக்கிற ஆள்தான் வேண்டுமாம். காலண்டரில் பதினோரு கட்டம் மிச்சம். அதற்கப்புறம் நாலு நாள் அவள் அம்மாவின் போனை எடுக்கவே இல்லை. அது அறைக்குள் அடித்து அடித்து ஓயும், நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் 'எடுடி, அங்க ஒருத்தி போனைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா, எனக்குத் தெரியும்' என்றேன். 'அம்மா தெருவுக்கெல்லாம் சொல்லிட்டாங்க, என் பொண்ணு அங்கயே இருக்கப் போறான்னு. இப்ப எப்படிச் சொல்றது' என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், எடுத்தாள், வீடியோ கால். என் வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள். இவள் இரண்டு வார்த்தை சொன்னாள், மூன்றாவது வரவில்லை.  அந்த அம்மா ஏதோ கேட்டாள், இவள் அழுகையும் சிரிப்புமாக ஆகிவிட்டாள். என்ன சொன்னாங்க என்றேன். 'என்னைக்கு வர்றேன்னு கேக்கறாங்க. ஜன்னல் பக்கம் சீட்டு கேட்டு வாங்குன்னு சொல்றாங்க.' அவ்வளவுதான் தம்பி. ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு கேள்வி இல்லை. பிறகு இவள் போனை என் பக்கம் திருப்பினாள். எனக்கு அந்த அம்மாவின் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. அவள் விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்கினாள். நான் தலையை ஆட்டினேன். பொய் இல்லை, அந்த மாதம் சாப்பிட்டாள்தான்.

சனிக்கிழமை விமான நிலையம் வரைக்கும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலி. இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த அம்மாவின்மேல் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் பிள்ளை வருகிறது. முதலாளியிடமும் மாடிக்காரரிடமும் என் மகன் அங்கேயே செட்டில் ஆகப் போகிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற நான், அந்த பஸ்ஸில் உட்கார்ந்து உனக்கும் வேலை கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான் இருக்கும். உடனே பயந்துபோய், சீ, பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். நினைத்ததை நினைக்கவில்லை என்று உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை, எழுதிவிட்டேன்.

உனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? சுற்றி வளைக்காமல் அதை மட்டும் எழுது. வேலை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம், இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பழகிவிட்டது, பழகாததையும் பழகிக்கொள்வேன். கிடைக்கவில்லை என்றால் என் போனை நாலு நாள் அடிக்க விடாதே. அந்த அம்மா மாதிரி எனக்கு நெஞ்சுரம் கிடையாது, முதலில் அழுதுவிடுவேன். அழுது முடிக்கும்வரை நீ வைத்துவிடாமல் இரு, அப்புறம் நானும் என்றைக்கு வருகிறாய் என்றுதான் கேட்பேன். அறையை வாடகைக்குக் கேட்டு இந்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மகனிடமிருந்து ஒரு பதில் வர வேண்டியிருக்கிறது, வந்த பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நீ போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் எதிர்ப்படட்டும். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இரு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, இரண்டு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா