செருப்பை நம்பிய டேங்க்

தங்கம்,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? எனக்கு முதுகெரிச்சல் தவிர ஒரு குறையும் இல்லை. பயப்படாதே.

இங்கே நான் ஓட்டுவது ஒரு பழைய பிக்கப் வண்டி. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். டேங்குக்கும் அதைக் கட்டும் இரும்புப் பட்டைக்கும் நடுவே ரப்பர் வைக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு, நீ வாங்கித் தந்த ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன். பத்து நாளில் அது நைந்து, பட்டை உரசி, டேங்க் ஓட்டை. நேற்று ஓட்டும்போது சட்டை முதுகெல்லாம் பெட்ரோல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மேஸ்திரி, ஜலதோஷத்தில் வாசனை தெரியாமல், சிகரெட்டுக்குத் தீக்குச்சியை எடுத்துவிட்டார். பிடுங்கிவிட்டு, செருப்பு விஷயத்தைச் சொன்னேன்.

“முதுகுக்குப் பின்னால பெட்ரோல வச்சுக்கிட்டு செருப்பையா நம்புன?” என்றார்.

முதுகெரிச்சலால் குப்புறப் படுத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். அதே மாதிரி செருப்பு ஒரு ஜோடி அனுப்பு, இந்த முறை காலுக்குத்தான். மேஸ்திரியிடம் பிடுங்கிய அந்தத் தீக்குச்சியை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். அதில் நீ அடுப்பைப் பற்றவை.

உன் வீட்டுக்காரன்