அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி, ரியாஸுக்கு

என் செல்ல மாப்ளே ரியாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் உன் கபருக்கு, நீ அடங்கியிருக்கிற இடத்துக்கு, வருகிறேன். சலாம் சொல்கிறேன், யாசீன் ஓதுகிறேன், துவா கேட்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாயில் வர மாட்டேன் என்கிறது. உன்னோடு பேச எனக்கு வார்த்தைப் பஞ்சமா? ஒரு பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசித் தீர்த்தவர்கள் நாம். எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஷமீமாவுக்குப் போன வாரம் இத்தா முடிந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாசமும் பத்து நாளும் போய்விட்டன. இத்தனை நாளும், "இத்தா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கச்சியின் துக்கத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்ட பாவி நான். இனிமேல் சொல்லிக்கொள்ள எந்தச் சாக்கும் இல்லை.

அந்த இத்தாலி பைக்கை நாம் பாதிக்குப் பாதி போட்டு வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? ஊருக்குத் திரும்புகிற ஒரு பிரெஞ்சுக்காரர் மனசே இல்லாமல் விற்றுவிட்டுப் போனார். உப்பளம் பகுதியில் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. வந்தவன் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான். "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "நாப்பத்தஞ்சு" என்று புளுகினாய். அதில் பாதிகூடக் கொடுக்காது அது. ஷமீமா உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சாவி கை மாறும். விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு நீ கிளம்பினால் கோட்டக்குப்பம் தாண்டி, காலாப்பட்டு தாண்டி, கடல் காற்று முகத்தில் அடிக்க ஒரு சுற்று. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மச்சான், அதுல உக்காந்தா கடையும் இல்ல, கஸ்டமரும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன்" என்பாய். நாள் முழுக்க கடையில் அடுத்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற உனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. நிறைந்த கையோடு வலிக்கவும் செய்கிறது.

ஆனால் படுத்திய பாடு கொஞ்சமா? நேரு வீதி சிக்னலில் ரெண்டு நிமிஷம் நின்றால் தொடை வெந்துவிடும். நாலு நாள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும். அதைக் கழற்றி உன் வீட்டு ஹாலில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடுவோம். "எனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா, அவளுக்கு ஹால்ல எடம் வேற" என்று ஷமீமா கத்துவாள். ஒரு ரப்பர் வளையம் வேண்டும் என்றால்கூட இத்தாலியிலிருந்து வர வேண்டும். மூன்று மாசம் காத்திருந்து பார்சலைப் பிரித்தால் வேறு ஏதாவது மாடலுக்கு உரியதாக இருக்கும். சென்னை மெக்கானிக்கிடம் போன் போட்டு எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "சார், அந்த வண்டி அப்படித்தான் சார்."

அந்த வார்த்தை நமக்கும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் கசிந்தால் அது அப்படித்தான். மழையில் இருமினால் அது அப்படித்தான். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவன் எல்லாம் பேசுகிற பேச்சு இது. எது விளையாட்டுக் கோளாறு, எது உயிரை வாங்குகிற கோளாறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தியையே நாம் தொலைத்துவிட்டோம்.

அப்படித்தான் அந்த மஞ்சள் விளக்கும். ஏபிஎஸ் விளக்கு. சாவி போட்டதும் எரியும், வண்டி நகர்ந்ததும் அணைந்துவிட வேண்டும். நம்முடையது அணையாது. நம் ஊர் உப்புக் காற்றில் முன்சக்கரத்து சென்சார் ஒயர் கனெக்டர் பூத்துவிடும். துடைத்தால் அணையும், பத்து நாளில் மறுபடி எரியும். வண்டியோடு வந்த கையேடு பிரெஞ்சில் இருந்ததால் எதிர்வீட்டு சொல்தா பெரியவரிடம் கொண்டுபோனோம். பிரெஞ்சு ராணுவத்து பென்ஷன்காரர், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்துச் சொன்னார்: "விளக்கு எரிஞ்சா பிரேக்கு புடிக்கும்பா. ஆனா சக்கரம் இறுகிக்காம காப்பாத்துற வேல நடக்காது. உடனே காட்டணும்னு போட்டிருக்கான்." மெர்சி மெர்சி என்று ரெண்டு பேரும் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். காட்டினோமா?

எலக்ட்ரிகல் கடைக்காரன் என் பாக்கெட்டில் கறுப்பு டேப் இல்லாமல் இருக்குமா? "ஓட்டும்போது கண்ணுல குத்திக்கினே இருக்கு மச்சான்" என்று நீ சொன்ன அன்றைக்கு ஒரு துண்டு கிழித்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, "போ, வைத்தியம் முடிஞ்சிது" என்றேன். எவ்வளவு சிரித்தோம்! உனக்கு இருமல் வந்துவிட்டது. நீ அடங்கின பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இதுவரைக்கும் ரெண்டு பேர் செய்த முட்டாள்தனம். இதற்கு அப்புறம் நான் ஒருத்தன் செய்தது.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை சாவி வாங்க நீ என் கடைக்கு வந்தாய். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், மழக்காலம் வருது. டேப்ப எடுத்துட்டு அந்த சென்சார இன்னான்னு பாத்துடலாமா?" என்று கேட்டாய். கடையில் ரெண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தனுக்கு ஃபேன் இறக்க வேண்டியிருந்தது. "கெடக்கட்டும் விடு. கனெக்டர நல்லா துடைச்சிட்டேன், சரியாயிடுச்சு. நீ எட்த்துக்கினு போ" என்றேன்.

நான் துடைக்கவில்லை மாப்ளே. அந்த வாரம் முழுக்க வண்டியின் முன்சக்கரத்தை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாய்க்கு வந்த பொய் அது. கல்லாவில் நின்று "நாளைக்கு சரக்கு வந்துடும்" என்று சொல்கிற மாதிரி, யோசிக்காமல் வந்தது. நீ நம்பினாய். என்னை எதற்கடா நம்பினாய்?

மறுநாள் காலையில் தூறல். காலாப்பட்டில் ரோட்டோரம் மணல். கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வந்திருக்கிறாள். நீ பிரேக் பிடித்தாய். முன்சக்கரம் இறுகி, வண்டி வழுக்கி, நீ போய் மீடியன் கல்லில் விழுந்தாய். அந்த அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீ அங்கேயே போய்விட்டாய்.

ஸ்டேஷனில் வண்டியை அடையாளம் காட்ட நான்தான் போனேன். மழையில் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்பக்கம் முழுக்க நொறுங்கிக் கிடந்தது, மீட்டர் மட்டும் அப்படியே இருந்தது, அதில் என் டேப். கான்ஸ்டபிள் பேனா எடுக்க உள்ளே போனார். நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நகத்தால் பிய்த்தேன். உருட்டி வாயில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து சாக்கடையில் துப்பினேன். அப்புறம் ஆட்டோ பிடித்து உன்னைக் குளிப்பாட்ட வந்தேன். அந்தக் கையால்தான் உனக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஸ்டேஷனில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தவர்கள் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். வேறு என்ன எழுதுவார்கள்? ஐரோப்பா வண்டி, சிவப்பு வண்டி, காலை நேரம், காலி ரோடு. அதிவேகம் என்று முடித்துவிட்டார்கள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. உன் ஜனாஸா எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் துவா கேட்டுவிட்டு வாசலில் நின்று, "பறந்திருப்பான், வேற இன்னா" என்று பேசிக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பறந்தாயா நீ? கல்யாணமான புதிதில் உன் தோளைப் பிடித்து உலுக்கி ஷமீமா கேட்டாளே, அல்லாஹ் மேல் சத்தியமாக எண்பதைத் தாண்ட மாட்டேன் என்று நீ கொடுத்த வாக்கு எனக்குத் தெரியாதா? "இதுக்கு ஒரு மொபெட் வாங்கியிருக்கலாமேடா" என்று நான் எத்தனை தடவை உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்! பின்னால் என் ஸ்கூட்டரில் வந்த நானே ஹாரன் அடித்து உன்னை முந்தியிருக்கிறேன்.

உன் நாற்பதாம் நாள் முடிந்த பிறகு அந்தக் கூடைக்கார அம்மாவைத் தேடிப் போனேன். காலாப்பட்டு மீனவர் குடியிருப்பில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "மெதுவாத்தான் வந்துச்சு சாமி அந்தப் புள்ள. என்னப் பாத்துட்டான். கண்ணும் கண்ணும் பாத்துக்கினோம். நின்னுடுவான்னுதான் நெனச்சேன். சக்கரம் சுத்தாம சறுக்கிக்கினு வந்துச்சே!" யாரிடமாவது சொன்னாயா அம்மா என்று கேட்டேன். "சொன்னேன். பயத்துல ஒளர்றேன்னுட்டாங்க" என்றாள். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அதையும் எனக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

வண்டியை இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் குடோனில் நிற்கிறது. பாகம் பாகமாக வாங்கிக்கொள்கிறேன் என்று சென்னையிலிருந்து ஒருத்தர் போன் மேல் போன் போடுகிறார். முந்தாநாள் பழக்க தோஷத்தில் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டேன். மாட்டி, சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. சாவி போட்டால் எல்லா வண்டியிலும் எரிவதுதான், தெரியும். தெரிந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த அளவுக்குக் கோழை நான், உனக்கே தெரியும். ஆனால் நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷமீமா உன் ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "எங்கியாவது கொண்டுபோய்ப் போட்டுடுண்ணே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன் மகள் ஓடிவந்து, "அது அத்தாவோடது, குடுக்காத" என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டது. ஷமீமா அதன் கையைப் பிரித்துவிட்டு, ரொம்ப அமைதியாகச் சொன்னாள்: "விடு ஆயிஷா. ஒங்க அத்தாவுக்கு நம்மள விட அந்த வேகந்தான் பெருசாப் போச்சு. அல்லா பேர்ல பண்ண சத்தியத்தையே தூக்கிப் போட்ட மனுசன்."

குழந்தை என்னைப் பார்த்தது. "மாமா, அப்படியா?" என்று கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு வயசுக் குழந்தைக்குப் பதில் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

சக்கரம் இறுகாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? தெரியாது. தூறல், மணல், எதுவும் நடந்திருக்கலாம். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்றும் ஒரு பக்கம் பார்க்கிறேன். ஆனால் நீ சத்தியத்தை மீறவில்லை. அது எனக்குத் தெரியும், அந்த மீன்கார அம்மாவுக்குத் தெரியும். செத்தவன் எழுந்து வந்து நான் அப்படி இல்லையடி என்று சொல்ல முடியாது. உன் பெண்டாட்டி ராத்திரியும் பகலும் உன்மேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் மாப்ளே. அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியது.

இன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு உப்பளம் போகிறேன். முதலில் ஆயிஷாவைக் கூப்பிட்டு, உங்க அத்தா எண்பதைத் தாண்டவே இல்லம்மா என்று சொல்வேன். அப்புறம் ஷமீமாவிடம் மற்றதைச் சொல்வேன். டேப், பொய், ஸ்டேஷன், ஒன்றையும் விட மாட்டேன். ஸ்டேஷனுக்கும் போய் எழுதிக் கொடுப்பேன். அவள் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை மற்றவர்கள் படிக்கத் தருவேன். வாசலில் நின்று உன்னைப் பேசின ஊர், வாசலில் நின்று என்னைப் பேசட்டும்.

அவள் என்னை அடிக்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் அத்தா இறந்ததிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். எனக்கென்று அவளை விட்டால் யாரும் இல்லை. இருந்தும் போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. என் வாக்கை நம்பாதே. நான் அந்தக் கதவைத் தட்டுகிறேனா இல்லையா என்று மட்டும் பார்.

இன்றைக்குச் சாயங்காலம் வரைக்குமாவது ஷமீமாவின் அண்ணன்,
உன் மச்சான்,
ஜாபர்