நர்ஸ் வீட்டுக் கதவு

நைவோலோ கிராமம்,
கண்டாவுத் தீவு, ஃபிஜி.
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்.

அன்பு மகள் பிரைடிக்கு, உன் நாவ் தோரிகா எழுதுவது. எங்கள் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி நீயும் வந்த இரண்டாம் நாளே என்னை நாவ் என்று கூப்பிட்டாய். அதனால் அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். உனக்கும், ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ ஊரில் இருக்கிற உன் பெற்றோருக்கும் கர்த்தர் சுகம் தரட்டும்.

இங்கே எல்லோரும் நலம். என் மகள் சலானி நன்றாகப் படிக்கிறாள். குளிர்காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் அவளுக்கு மூச்சு இழுக்கிறது, அப்பாவைப் போலவே. மரவள்ளி இந்த முறை நன்றாக விளைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஒரு மாதிரியும் இல்லை. என் வீட்டுக்காரர் ருசியாத்தே போய் வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பாய் பின்னுகிறேன். கை தன் பாட்டுக்குப் பின்னுகிறது, சில நாள் நிமிர்ந்து பார்த்தால் பாய் முடிந்திருக்கிறது. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று சலானியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அடக்கத்தன்று ருசியாத்தேயின் மாமன் மகன் ஈசோவா குழியருகே நின்று, "எழுந்திருடா சோம்பேறி, அலை அடங்கிக் கிடக்கு, மீனுக்குப் போவோம்"னு சத்தம் போட்டானே, ஞாபகம் இருக்கிறதா? எங்களில் மாமன் மச்சான்கள் எந்த நேரத்திலும் கேலி பேசலாம், சாவு வீட்டிலும் பேசலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. அப்போது எங்கே நின்றேனோ இப்போதும் அங்கேதான் நிற்கிறேன்.

உன் கடிதத்தைப் படகிலிருந்து வாங்கி வந்ததும் ஈசோவாதான். "வெள்ளைக்காரப் பொண்ணு எழுதியிருக்கா. என்னைக் கட்டிக்க இப்பவாவது சம்மதமான்னு பதில்ல கேட்டுடு, அக்கா" என்றான். கேட்டுவிட்டேன். அவனுக்குப் பல் இன்னும் இரண்டு போய்விட்டது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். போன ஜூலையில் உங்களைத் தொண்டு வேலைக்கு இங்கே அனுப்பிய கம்பெனி இந்த ஜூலையில் அனுப்புகிற பிள்ளைகளுக்குத் தலைவியாக நீயே வருகிறாய் என்பது ஒன்று. அது முடிந்தபின் வேறு ஏதாவது நாட்டுக்குப் போய் நிஜமாகவே உதவ ஆசை, இணையத்தில் நூறு நிறுவனங்கள் இருக்கின்றன, எது நம்பத்தகுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்டது இன்னொன்று. கூடவே அந்தக் கம்பெனிக்கு நீ எழுதி அனுப்பிய கட்டுரையிலிருந்து ஒரு வரியும் போட்டிருந்தாய். "கணவர் உயிருக்குப் போராடிய வேளையில் அந்த அம்மா கிராமத்தில் வேறு யாரையும் தேடாமல் என் கதவைத்தான் தட்டினார்" என்று. அந்த வரியை நான் நிறைய முறை படித்தேன்.

மகளே, அது உன் கதவு இல்லை.

நீங்கள் தங்கிய வீடு எங்கள் நர்ஸ் அலுமித்தாவின் வீடு. அரசாங்கம் அவளுக்குக் கட்டிக் கொடுத்தது. கண்ணாடி ஜன்னலும் உள்ளேயே கழிப்பறையும் கூரைமேல் சூரிய மின்சாரமும் ஊரில் அந்த ஒரு வீட்டுக்குத்தான். விருந்தாளிக்கு இருப்பதில் நல்லதைக் கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். உங்களோடு வந்த கம்பெனிக்காரர், ஊருக்குள் வருகிறவர்கள் காணிக்கையாக வைக்கிற யங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுவந்து பெரியவர்கள் முன் வைத்தார், அவர்கள் கைதட்டி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எதையும் மறுக்க எங்களுக்கு வாயே கிடையாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். நீங்கள் சந்தோஷமாக எதைச் செய்தாலும் எங்களுக்குச் சந்தோஷம் என்றார்கள் எங்கள் ஆட்கள். வேறென்ன சொல்வார்கள்? நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீலம் அடித்தீர்கள். அதற்கு முந்தைய குழு மஞ்சள் அடித்திருந்தது. அதற்கும் முந்தையது நீலம்தான். அலுமித்தா தன் துணிகளைக் கட்டிக்கொண்டு கடல்முனைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனாள். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

அந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு ருசியாத்தேக்கு இழுப்பு வந்தது. முன்பும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன், அலுமித்தா அவரைத் தூக்கி வரச் சொல்வாள், மூச்சுக்கு மருந்துப்புகை கொடுக்கிற இயந்திரத்தைப் போடுவாள், சாயங்காலம் அவர் எழுந்து டீ கேட்பார். அன்றைக்கும் என் கால் அங்கேதான் ஓடிற்று. அவள் ஊரில் இல்லை என்பது ஓடும்போது எனக்கு ஞாபகமே இல்லை. தட்டினேன். நீ திறந்தாய். உன் பின்னால், மேசைமேல், அந்த இயந்திரம் இருந்தது. அதன்மேல் யாருடையதோ துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அது என்னவென்று உனக்குத் தெரியாது. அதை ஓட்ட எனக்குத் தெரியாது. மருந்துப் பெட்டியின் சாவி அலுமித்தாவின் இடுப்பில், முனைக்கு அந்தப் பக்கம்.

நீ என் கையைப் பிடித்தாய். தண்ணீர் கொடுத்தாய். என்னோடு வீடுவரை ஓடி வந்து, அவருடைய காலைக் கடைசிவரை தேய்த்துக்கொண்டிருந்தாய். அதை நான் மறக்கவில்லை. முனையைச் சுற்றிப் போன படகு அலுமித்தாவைக் கூட்டி வந்தபோது பெண்கள் அவர் முகத்தைத் துடைத்து முடித்திருந்தார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. யார்மேலும் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும், சூடாகவாவது ஏதாவது இருக்கும் உள்ளே. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கம்பெனி இந்த ஜூலைக்கும் அதே வீட்டைக் கேட்டு எழுதியிருக்கிறது. எங்கள் ஊர்த்தலைவர் மதியு, ருசியாத்தேயின் அண்ணன், சரி என்று சொல்லத்தான் போகிறார். இந்த முறை முடியாது என்று சொல்லக் கூடாதா என்று நான் கேட்டேன். "எனக்கு மட்டும் ஆசையா தோரிகா? வர்றவங்களை வெளியில படுன்னு சொன்னா நாளைக்கு நம்மள எவன் மனுஷன்னு மதிப்பான்?" என்று சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அலுமித்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊரு கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா. நான் போயிட்டா சலானியைப் பார்த்துக்கோ" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஜூலை காற்றில்தான் சலானிக்கு ரொம்ப இழுக்கும்.

நாங்கள் கொடுக்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. விருந்தாளியே அந்த வீடு வேண்டாம் என்று சொன்னால் மட்டும்தான் யாருக்கும் குறைவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நான் எழுதியதாகச் சொல்லாதே. "எங்களுக்குக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கத்தான் ஆசை, நர்ஸ் அவர் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று கம்பெனியிடமும் மதியுவிடமும் சொல். ஈசோவா உங்களைப் பைத்தியம் என்பான். கொசுவுக்குத் திருவிழா என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நல்ல நிறுவனம் எது என்பதற்கு எனக்குப் பெயர் ஒன்றும் தெரியாது. இங்கே கடைக்குப் பின்னால் மாமரத்தடியில் நின்றால்தான் போனில் சிக்னல் கோடு வருகிறது, நூறு நிறுவனத்தை நான் எங்கே பார்ப்பது? ஆனால் நீ எந்த நாட்டுக்குப் போனாலும், கிளம்புவதற்கு முன்னால் அவர்களிடம் கேள்: நான் படுக்கப்போகிற இடத்தில் இப்போது யார் படுத்திருக்கிறார்கள், நான் போனால் அவர்கள் எங்கே போவார்கள்? அதற்குப் பதில் தெரிந்தவர்கள் அந்த ஊரை ஒரு தடவையாவது சுற்றிப் பார்த்தவர்கள். பதிலுக்கு, சிரிக்கிற பிள்ளைகள் படத்தை அனுப்புகிறவர்களிடம் போகாதே. இன்னொன்றும் கேள்: நீங்கள் வராத மாதங்களில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? யாரும் செய்வதில்லை என்றால் அந்த வேலை யாருக்கும் தேவைப்படவில்லை. எங்கள் பள்ளிக்கூடச் சுவர் மாதிரி.

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அது உன் இஷ்டம்.

உனக்காக ஒரு பாய் பின்னி வைத்திருக்கிறேன், ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூல் வைத்து. கூடாரத்தில் விரித்துக்கொள்ளலாம், மணல் ஏறாது. வா மகளே. வந்தால் சந்தோஷப்படுவேன் என்றுதான் நினைக்கிறேன். உன் படிப்புக்கும் உன் பயணங்களுக்கும் கர்த்தர் துணையாக இருக்கட்டும். எங்கே போனாலும் உன் கை யாருக்காவது பயன்படட்டும். ஜூலையில் நான் அந்தக் கதவைத் தட்ட ஓடி வந்தால், அதைத் திறக்கிறவளாக மட்டும் நீ இருந்துவிடாதே.

உன்னை மகளாகவே நினைக்கிற,
நாவ் தோரிகா