மெயினை அணைத்துவிட்டு வந்தேன், அக்கா

கடலைக் கண்டதும் குரல் உயர்ந்துவிடும் என் அக்காவுக்கு,

நீ முதலில் கேட்கக்கூடியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் படகு மிதக்கிறது. அதற்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கோவளம் முகத்துவாரத்துக்கு உள்ளே, உப்பங்கழியில், நீ கட்டிவைத்த அதே இடம். ஞாயிற்றுக்கிழமை காலை. பத்து நாளாக வெயில் சரியாக இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் அது படகின் ஆட்டம் என்று வைத்துக்கொள்.

ஆனி மாதம் நீ போனாய். காரியம் முடிந்த வாரமே மாமா, "படகை வித்துடலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. உன் கணவராக இருந்தும் ஒருமுறைகூட அதில் ஏறாதவர். நான்தான், "மழை முடியட்டும் மாமா, தை வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றேன். ஏன் சொன்னேன்? செங்கல்பட்டில் இன்சூரன்ஸ் ஆபீசின் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து, எது எப்படிக் கெட்டுப்போனது என்று நாள் முழுக்கப் படிக்கிறவள் நான். எனக்கு எதற்குப் படகு?

அதுவும் பழைய படகு. பாய்மரம் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் மழை கசிகிறது. கசிந்தது அடியில் சேர்கிறது. சேர்ந்ததும் மிதவை ஒன்று எழும்பி பம்பை ஓட்ட, பம்ப் தண்ணீரை வெளியே துப்புகிறது. பம்புக்குச் சோறு போடுவது பேட்டரி. பேட்டரிக்குச் சோறு போடுவது மேலே படுத்திருக்கும் சோலார் பேனல். வெயில் வராவிட்டால்?

கேபின் கதவுக்கு வெளியே நீ நேராகப் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்துப் பொருத்திய சின்னத் திரை, பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று காட்டுமே. பன்னிரண்டரைக்கு மேல் நிம்மதி, பன்னிரண்டுக்குக் கீழே ஆபத்து என்று நீ சொன்னது மட்டும்தான் என் மொத்தப் படிப்பு. தேசிங்கு அண்ணன் தினமும் காலையில் தன் மீன்பிடிப் படகுக்குப் போகிற வழியில் அதைப் படம் பிடித்து அனுப்புவார். பல் தேய்க்கும் முன் அந்தப் படத்தைப் பார்த்துவிடுவேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் எண் இறங்க ஆரம்பித்தது. 12.5. 12.3. 12.1. ஆபீசில் கோப்பைத் திறந்தால் அதில் 12.1 என்று எழுதியிருப்பதுபோல் இருந்தது.

போன ஞாயிறு பதறிக்கொண்டு வந்தேன். உள்ளே எதுவும் எரியவில்லை, எதுவும் ஓடவில்லை. அப்புறம் எது பேட்டரியைத் தின்கிறது? புரியவில்லை. கிளம்பும்போது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது செய்வோமே, அதையே செய்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். கேபினைப் பூட்டினேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வழக்கமாக நீ தேசிங்கு அண்ணனிடம் கொடுக்கும் சாவி. பம்ப் தானாக ஓடுவதுதானே, அதற்கும் மெயினுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன் எனச் சொல்ல ஆசைதான். உண்மையில் நான் பம்பை நினைக்கவே இல்லை.

திங்கள் 12.3. செவ்வாய் 12.4. மேகத்துக்குள்ளும் பேனல் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்கிறது. வியாழன் காலை 12.6. அடைமழையில் 12.6! மாமாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். "பரவாயில்லையே" என்று பதில் போட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

பதினோரு மணிக்கு ஆபீசில் தேசிங்கு அண்ணனின் போன் வந்தது.

"அம்மா, போட்டு ஒரு மாதிரி குந்திகினு கீது."

"குந்திகினுன்னா?"

"பின்பக்கம் எறங்கிப்போச்சும்மா. உள்ள தண்ணி கீதுன்னு நெனைக்கிறேன். நீதான் பூட்டிகினு போயிட்டியே, எப்டிப் பாக்கறது?"

"காலைல பன்னெண்டு புள்ளி ஆறு வந்துச்சே அண்ணே!"

"நெம்பரு நல்லாத்தாம்மா கீது. போட்டுதான் நல்லால்ல."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. பேட்டரி தேறியது ஏன் என்றால், அதை யாரும் வேலை வாங்கவில்லை. பம்ப் நின்று நாலு நாள் ஆகிவிட்டது. நாலு நாள் மழையும் உள்ளேதான் இருக்கிறது.

"பூட்டை உடைங்க" என்றேன்.

"அக்கா வாங்குன பூட்டும்மா அது."

"உடைங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது.

இரும்பு அடிக்கும் சத்தம். கதவு முனகும் சத்தம். பிறகு அவர் குரல், மெதுவாக: "முட்டி வரைக்கும் கீதும்மா. பேட்டரிப் பொட்டிக்கு ஒரு சாண்தான் பாக்கி." அந்த ஒரு சாணும் ஏறியிருந்தால் பேட்டரியும் போய், பம்பும் போய், அடுத்த மழைக்குப் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். உள்ளே போனதும் இடப்பக்கம் சிவப்பாக ஒரு குமிழ், அதுதான் மெயின், அதைத் திருப்புங்கள் என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அக்கா, அந்த நொடியில் நான் உன்னைத்தான் கூப்பிட்டேன்.

"ஊத்துதும்மா! மாடு மூத்திரம் பேயற மாதிரி ஊத்துது!"

திருப்போரூர் வழியாக கேளம்பாக்கம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவளம் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பம்ப் பாதி, நாங்கள் பாதி. பக்கெட்டால் மொண்டு மொண்டு என் தோள் இன்னும் வலிக்கிறது. தேசிங்கு அண்ணன் விட்டாரா? "இன்னாம்மா, இது வூடா? மெயின ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, சாவிய எடுத்துகினு போறதுக்கு? கேஸு சிலிண்டர மூடிட்டியா, அதையும் பாத்துக்கோ." நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அக்காவும் பம்புக்குத் தனி வயரு போடணும், போடணும்னு சொல்லிகினே இருந்துச்சு. போடல. நீ மட்டும் இன்னா பண்ணுவ" என்றார்.

அன்றிலிருந்து ஒன்று என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கேட்டுவிடுகிறேன்.

கடைசி மாதங்களில் தினமும் உனக்குப் போன் செய்தேன். தினமும் நீ, "நல்லா இருக்கேன்டி" என்றாய். குரல்கூடத் தெளிவாகத்தான் இருந்தது. நானும் நிம்மதியாகப் போனை வைத்தேன். நீ மாடிப்படி ஏறுவதை நிறுத்தியதும், ஆபீசில் பாதி நாள் விடுப்பு எடுக்க ஆரம்பித்ததும், இந்தப் படகுக்கே வராமல் இருந்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதையெல்லாம் நிறுத்திவிட்டு அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றினாய் அக்கா? செங்கல்பட்டிலிருந்து கேளம்பாக்கத்தில் இருக்கும் உன் வீடு என்ன அவ்வளவு தூரமா? படகுக்கு ஓடிவந்த மாதிரி ஒரு வியாழக்கிழமை உன்னைப் பார்க்க நான் கிளம்பி வந்திருக்கக் கூடாதா?

பதில் சொல்ல வேண்டாம். கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாமாவிடம் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிக்கிழமை போனில் சொல்லிவிட்டேன். அவர் முதலில் கேட்டது இதுதான்:

"நீ தண்ணில எறங்கினியா? உனக்கு நீச்சல் தெரியாதே."

"படகுக்குள்ள இருந்த தண்ணி மாமா."

"ஓ" என்றார். "படகை வாங்கறேன்னவர்கிட்ட தை கழிச்சுப் பேசலாம்னு சொல்லிட்டேன். நீயே பாரு." என்னை நம்புகிறாரா, இல்லை எல்லாமே சலித்துவிட்டதா, தெரியவில்லை. நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். "நல்லா இருக்கேம்மா" என்று உடனே வைத்துவிட்டார்.

நேற்று கேளம்பாக்கத்திலிருந்து ஆட்டோ வயரிங் செய்கிறவர் ஒருவரை அழைத்துவந்து, பம்புக்கு பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தனி வயர் போட்டாயிற்று. இனி மெயினை யார் அணைத்தாலும் அது ஓடும். உடைந்த பூட்டுக்குப் புதுப் பூட்டு. சாவி தேசிங்கு அண்ணனிடம். பன்னிரண்டுக்குக் கீழே போனால் பேட்டரியைக் கழற்றித் தன் வீட்டில் சார்ஜ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மழை ஓய்கிற மாதிரி தெரியவில்லை. திரையில் இப்போது 12.1. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பம்ப் ஒருமுறை ஓடி நின்றது. எண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இறங்கட்டும், நான் எதையும் தொடப்போவதில்லை.

இங்கிருந்து இன்று நேராகச் செங்கல்பட்டு போகவில்லை அக்கா. உன் வீட்டுக்குப் போகிறேன். மாமாவிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வீட்டை ஒழுங்குபடுத்தி, சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருப்பார். நான் மணியடித்துவிட்டு உள்ளே போவேன். சமையலறையைப் பார்ப்பேன், மாத்திரைப் பெட்டியைப் பார்ப்பேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். அவர் எரிச்சல்பட்டாலும் சரி, "எதுக்கும்மா அலையற" என்றாலும் சரி. உனக்குச் செய்யாததை அவருக்குச் செய்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மல்லிகா