ஆபரேஷனா, மெஷினா

பிப். 12, வியாழன்

மாசி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் சுள்ளென்று வெயில். நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் திருத்தி முடித்தேன். பாதிப் பேருக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை.

மதியம் பெற்றோர் கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் அம்மா, குமாரபாளையத்துக்காரர். மார்க் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. என் வயிற்றைத்தான் பார்த்தார். “ஏனுங்க மிஸ், எத்தன மாசமுங்க?”

இந்த ஒரு வருடத்தில் இதை எத்தனை பேர் கேட்டாயிற்று. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர்கள். மருந்துக் கடைக்காரர். சேலைக் கடையில் ஓடிவந்து ஸ்டூல் போட்ட பெண். “அதெல்லாம் இல்லீங்க, கொழுப்புங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருந்தேன். இன்றைக்கு “ஆறுங்க” என்று வந்துவிட்டது.

ஏன் சொன்னேன், தெரியவில்லை. அந்தம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. அதுதான் வெட்கம்.

போன பங்குனியில், ஒன்பதாம் மாதம், பெண் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போனது. வயிறு மட்டும் போகவில்லை. கை, கால் எல்லாம் பழையபடி ஒல்லி. இடுப்பு 41 அங்குலம். வாக்கிங் போயாயிற்று, கொள்ளுத் தண்ணீர் குடித்தாயிற்று, ராத்திரிச் சோற்றை நிறுத்தியாயிற்று.

சனிக்கிழமை சேலம். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

பிப். 14, சனி

எட்டு மணி பஸ். எடப்பாடியிலேயே ஜன்னல் சீட்.

முதலில் அஸ்தம்பட்டி. மெஷின் வைத்திருக்கும் இடம். ஏசி, சின்னக் கப்பில் க்ரீன் டீ, சிரித்தபடியே இருக்கும் ஒரு பெண்.
– கொழுப்பை உறைய வைத்துக் கரைப்பது. கத்தி இல்லை, மயக்கம் இல்லை.
– ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம். அன்றைக்கே ஸ்கூட்டி ஓட்டலாம்.
– மூன்று, நான்கு தடவை வர வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்.
– கொஞ்சம்தான் குறையும். தொங்குகிற தோல் தொங்கும். (நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.)

அப்புறம் ஃபேர்லேண்ட்ஸ். டாக்டரம்மா. க்ரீன் டீ இல்லை. வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார், படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி நடுவில் அமுக்கினார். பாதிதான் கொழுப்பாம். மீதி, தளர்ந்த தோலும் நடுவில் பிரிந்துபோன தசையும். அதை எந்த மெஷினும் தொடாது என்றார்.
– ஆப். என்றால்: கொழுப்பை உறிஞ்சி, தோலை வெட்டி, தசையைச் சேர்த்துத் தைப்பது.
– முழு மயக்கம். அடிவயிற்றில் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை தழும்பு.
– ஆறு வாரம் இறுக்கமான பட்டி. குடம் தூக்கக் கூடாது.
– தட்டை வயிறு. யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: “இன்னொரு குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா ஆபரேஷன் இப்ப வேண்டாம்மா. மறுபடி கர்ப்பமானா தைச்சது விட்டுப்போகலாம். பெத்துட்டு வாங்க. குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சுன்னா மார்ச்லகூடப் பண்ணலாம்.”

பிரசவம் பார்த்த டாக்டர் ஒரு வருடம் போகட்டும் என்றுதான் சொல்லியிருந்தார். கவனமாகப் பார்த்துக்கொண்டால் இன்னொன்று முடியும் என்றும் சொன்னார். அதன்பிறகு நானும் இவரும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்க என்ன இருக்கிறது? எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். அந்தம்மா இழுத்துப் போட்ட நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மறுக்கவில்லை.

பிப். 15, ஞாயிறு

இவருக்குத் தறி லீவு. கறி எடுத்து வந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

என் ஆசையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் சரி என்றுவிடுவார். அவராகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு. அதனால் கணக்கு வாத்தியார் மாதிரி, இது இப்படி, அது அப்படி, குழந்தை வேண்டுமென்றால் மெஷின், வேண்டாமென்றால் ஆபரேஷன் என்று வரிசையாகச் சொன்னேன்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “ஆபரேசனே பண்ணிக்க கண்ணு. ஒரேடியாத் தீந்துரும்.”

புரிந்துதான் பேசுகிறீர்களா என்று கேட்டேன். புரிந்ததாம். எழுந்து கை கழுவிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். லீவு நாளில் யாருமில்லாத கூடத்தில் ஒரு தறியை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தம் சாயங்காலம் வரை.

பதினோரு மாதமாகக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர். அழவும் இல்லை. ஊர் வாயை அடைக்கத்தான் நான் வயிற்றைக் குறைக்கப் போனேன், இவர் கதவையே சாத்திவிட்டார்.

பிப். 17, செவ்வாய்

குமாரபாளையத்து அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் நான்கு அடுக்குக் கேரியர். ஏழு பிறக்கப் போகிறதே, அதற்குள் தன் கையால் கட்டுச்சோறு கொடுக்க ஆசையாம். அதெல்லாம் அம்மா வீட்டார் கொண்டுவருவது. எனக்கு அம்மா இல்லை. போன முறையும் யாரும் கொண்டுவரவில்லை.

புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, அடியில் சர்க்கரைப் பொங்கல். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

ஸ்டாஃப் ரூமில் யாருமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நான்கு அடுக்கையும் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன். கேரியரைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அவர் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

பிப். 18, புதன்

இவரோடு பேச்சில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். ஆறாம் வாய்ப்பாடு டெஸ்ட்.

பிப். 20, வெள்ளி

அடக்க முடியவில்லை. சாயங்காலம் தறிக்கூடத்துக்கே போனேன். வேலையாள்கள் டீக்குப் போயிருந்தார்கள். “ஏனுங்க, எங்கிட்ட இன்னொரு கொழந்த பெத்துக்க உங்களுக்கு அவ்வளவு சலிச்சுப் போச்சுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

தறியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் நூலையே தடவிக்கொண்டிருந்தார்.

“நீ நாலு நாளு கண்ணு முழிக்கல. பாப்பாளத் துணியில சுத்தி எங்கையிலதான் குடுத்தாங்க. சேலத்துல இருந்து மடியில வெச்சுட்டு வந்தன். வேகமாப் போட்டுமான்னு டிரைவரு கேட்டாப்ல. மெதுவாவே போங்கன்னன்.”

அவருடைய அண்ணன்மார்தான் எடுத்துப் போனார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

“அடக்கம் பண்ணீட்டு ஓடியாந்தா, உனக்கும் எதுவேணா ஆகலாம்னு கையெழுத்துக் கேட்டாங்க. கையில இன்னும் மண்ணு. அதோடதான் போட்டன். இன்னொருக்கா என்னால ஆகாது கண்ணு.”

யார் மாதிரி இருந்தாள் என்று கேட்டேன். உன் மூக்கு என்றார். தலை நிறைய முடி என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், நீ கேட்கவில்லையே என்கிறார். கேட்கவில்லைதான். கேட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று பயம் எனக்கு.

அங்கேயே, பாவு நூல் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் முறை. ஆள்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மறுபடி வெளியே போனார்கள்.

பிப். 21, சனி

இருவருக்கும் கண் வீக்கம். வீட்டு வேலை எதுவும் ஓடவில்லை. மதியம் ஹோட்டல் பரோட்டா.

பிப். 23, திங்கள்

இன்டர்வெல்லில் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து போன். முடிவு பண்ணியாச்சுங்களா மேடம், குழந்தை எண்ணம் ஏதாவது இருக்குங்களா என்று ரிசப்ஷன் பெண் கேட்டாள். பிள்ளைகள் சத்தத்தில் இரண்டாம் முறை கேட்டாள்.

“இல்லீங்க,” என்றேன். “ஆபரேஷனே போட்டுருங்க.”

மே மாதம், பள்ளி லீவில். இரத்தப் பரிசோதனை அதற்கு ஒரு வாரம் முன்னால்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கிவிட்டார். இந்த ஒரு வருடத்தில் அவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு இன்னொன்று வேண்டும். இவரிடம் சொல்லப் போவதில்லை.