நெட்டியின் மேல் வளர்ந்த புல்

டெட்ராய்ட்
8 ஏப்ரல் 1956

அன்புள்ள லவாடா அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சின்னக்கா நெட்டியின் கல்லறை மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வாராவாரம் களைக்கொத்தியோடு போகிறாயாமே, பக்கத்து வீட்டு ஹோபர்ட் எழுதியிருந்தார். அறுபது வயதில் எதற்கு இந்தப் பாடு? அங்கே டவுனில் செடி விற்பவனுக்கு எழுதி, கல்லறை முழுக்கப் புல் பதிக்கச் சொல்லிவிட்டேன். இங்கே எல்லாக் கல்லறையும் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். ஃபாக்டரியில் லீவு கிடைக்காமல் அடக்கத்துக்கு வர முடியாமல் போன தம்பி, இதையாவது செய்கிறேன்.

பாசத்துடன்,
ராய்ஸ்

ஹாலோ க்ரீக், அலபாமா
22 ஏப்ரல் 1956

ராய்ஸ்,

புல் வந்தது. நன்றாக வேரும் பிடித்துவிட்டது. நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே? நம் கல்லறைகளில் வெறும் செம்மண்தான் இருக்க வேண்டும், புல் முளைத்தால் செத்தவருக்கு நாதியில்லை என்று அர்த்தம். ஊரைவிட்டுப் போன பதினெட்டு வருஷத்தில் இதுகூடவா மறந்துபோகும்? சர்ச்சில் ஹோபர்ட்டின் மனைவி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன் லவாடா, நீ இன்னும் உசுரோடதானே இருக்கே?"

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் மரச்சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார நெட்டி இல்லாததால் பத்து மாதமாக நான் ஊசியே தொடவில்லை. இப்போது இந்தப் புல் வேறு. மே இரண்டாம் ஞாயிறு ஊரே கூடிக் கல்லறைகளுக்குப் பூ வைக்கும். அதற்குள் பிடுங்கி முடிப்பேனா தெரியவில்லை.

லவாடா

டெட்ராய்ட்
29 ஏப்ரல் 1956

அக்கா,

எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கமானது இன்னொன்று இருக்கிறது. அடக்கத்துக்குப் போக லீவு கொடுத்தார்கள். பஸ்ஸும் ஏறினேன். பாதி வழியில், சின்சினாட்டியில் இறங்கித் திரும்பிவிட்டேன். நெட்டி கடைசியாகப் போட்ட மூன்று கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. எந்த முகத்தோடு வந்து நிற்பது? இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

ராய்ஸ்

ஹாலோ க்ரீக்
6 மே 1956

தம்பி ராய்ஸுக்கு,

உன் கடிதத்தைக் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். "பாத்தியாடி, நம்ம செல்லத் தம்பி பண்ணின வேலையை" என்று நெட்டியிடம் சத்தமாகவே சொன்னேன். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போனபிறகு இதுதான் முதல் தடவை.

நின்றுகொண்டு சுரண்டினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். புல்லை வேரோடு பிடுங்க உட்கார்ந்தாக வேண்டும். அதனால் இரண்டு வாரமாகத் தினமும் அவள் பக்கத்தில்தான் இருக்கிறேன். பேசுவேன், இல்லாவிட்டால் சும்மா இருப்பேன். மனசு அடங்கியிருக்கிறது. வியாழக்கிழமை, பிடுங்கிய இடத்தைக் களைக்கொத்தியால் இழுத்துவிட்டு எழுந்து பார்த்தேன். சாயங்கால வெயிலில் செம்மண் முழுக்க வளைந்து வளைந்து கோடுகள், ஓரத்தில் பிய்ந்த பச்சை. இதைத் தைக்கலாமே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அவளுடைய பழுப்புக் கவுனை வெட்டினேன். நேற்றோடு போர்வையில் ஏழு கட்டம் ஆயிற்று. தையல் நேராக வரவில்லை. மண்ணிலும் நேராக இல்லை, பரவாயில்லை.

நெட்டிக்கு உன்மேல் வருத்தம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பதை அவள் கடைசிவரை விடவில்லை.

கால்மாட்டில் ஒரு சாண் புல் மிச்சம் வைத்திருக்கிறேன். அது உன் பங்கு. வருகிற ஞாயிறு, பூ வைக்கிற அன்றைக்கு வந்து பிடுங்கிப் போடு. நீ வராவிட்டால் அது அங்கேயே வளரட்டும். நான் இனிக் குனிய மாட்டேன்.

உன் அக்கா,
லவாடா